பெரியாற்றில் ஒரு பாடம்

பரவை என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் கடல் என்பது பொருள். எங்கள் ஊருக்கு அப்பெயர் எவ்வாறு வாய்த்தது என்பது பற்றி ஊர்ப் பெரியவர்கள் பலவாறு கூறுவர். ஒருவர் கூற்று மற்றவர் கூற்றோடு ஒட்டாது. ஆதலின் அதனை இங்கே விரிக்கவில்லை. ஆயினும் ஒன்று சொல்வேன். கடலின் பெயரைத் தாங்கிய இவ்வூரை ஒட்டி ஓடும் வைகை, கடலைக் காண்பது அரிது. வருஷநாட்டு மலையிற் பிறந்து, மதுரையைத் தழுவிச் சென்று, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் பெரும்பாலும் அடங்கிவிடும் ஆறு அது. அந்த ஆற்றங்கரையில் வளர்ந்து, அந்த ஆற்றிலேயே என் தொழிலின் முதல் தோல்வியையும் கண்டவன் நான்.

"பொறியியற் கல்லூரிகளில் திட்டமிடலும் மேலாண்மையும் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதன் வரலாற்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று வானொலி நிலையத்தார் கேட்டனர். முப்பது ஆண்டுகள் அப்பாடத்தைக் கற்பித்தவன் ஆதலால் மறுக்க இயலவில்லை. அதன் வரலாறு அமெரிக்காவில் தொடங்கியது என்று பாடநூல்கள் சொல்கின்றன. எனக்கோ அது கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலேயுள்ள காட்டில், பெரியாற்றங்கரையில் தொடங்கியது போலவே தோன்றுகிறது. இரண்டையும் நேயர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாலம் கட்ட வேண்டும். அல்லது ஓர் ஆலை எழுப்ப வேண்டும். எத்தனை வேலைகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும், எது முடிந்த பின் எது தொடங்கும், ஆளும் பொருளும் பணமும் எந்த நாளில் எவ்வளவு வேண்டும் என்று முன்னதாகவே கணக்கிட்டு, அக்கணக்கின்படி வேலையை நடத்திச் செல்வதே அப்பாடம். நம் வீட்டுத் திருமணத்தில் இதனை எல்லாரும் செய்கிறோம். பந்தற்கால் நடாமல் தோரணம் கட்ட இயலாது. ஆனால் தோரணம் கட்டி முடியட்டும் என்று காய்கறி வாங்கக் காத்திருப்பார் உண்டோ? சில வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பன. சில அருகருகே நடப்பன. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் சங்கிலிகளுள் மிக நீண்டது எதுவோ, அதில் ஒரு நாள் தவறினால் முகூர்த்தமே ஒரு நாள் தவறும். மற்றைச் சங்கிலிகளில் ஓரிரு நாள் தவறினாலும் குடி முழுகிவிடாது. அந்த நீண்ட சங்கிலியைக் கண்டு கொண்டால் எதனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

இதனைக் கணிதமாக ஆக்கியது 1957-ஆம் ஆண்டில். அமெரிக்க நாட்டு டூபாண்ட் என்னும் இரசாயனக் கம்பெனியைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் அதனை வகுத்தனர். அடுத்த ஆண்டிலேயே அந்நாட்டுக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக அதனை ஒத்த மற்றொரு முறையை மேற்கொண்டது. அதற்கு முன்னர் ஹென்றி காண்ட் என்பவர் வகுத்த பட்டைக் கோட்டு அட்டவணை வழக்கில் இருந்தது. அவருக்கும் முன்னதாக, 1896-இல், போலந்து நாட்டு அடமியெட்ஸ்கி அத்தகையதொன்றை அமைத்தார். தம் நாட்டார்க்கு அப்பால் அறியப்படாமற் போனதால், அவர் பெயரை நம் மாணவர்கள் தேர்வில் எழுதுவதில்லை. 1957-ஆம் ஆண்டு மதுரைக்கும் நினைவிற் கொள்ளத் தக்க ஆண்டு. கருமுத்து தியாகராசச் செட்டியார் திருப்பரங்குன்றத்தில் பொறியியற் கல்லூரியைத் தோற்றுவித்தது அவ்வாண்டிலேதான். பாடமும் பள்ளியும் ஒரே ஆண்டிற் பிறந்தன; ஒன்றையொன்று சந்திக்கச் சில ஆண்டுகள் ஆயின.

நான் பொறியியல் கற்ற காலத்தில் ஆசிரியர் கரும்பலகை முழுதும் வட்டங்களும் அம்புகளும் வரைவார். வட்டத்துக்குள் எண், அம்பின் மேல் நாட்கணக்கு. எனக்கு அது தேனாக இனித்தது. உலகத்து வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் அடக்கிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் 1973-ஆம் ஆண்டில் இளநிலை இஞ்சினீயராக ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

எனக்கு இட்ட முதற் பணி, வைகையிலிருந்து பிரியும் ஒரு சிறு கால்வாயின் தலைமதகைப் புதுப்பிப்பது. பங்குனியில் ஆறு வறண்டு கிடந்தது. மதகுக்கு முன்னே ஆற்று மணலில் அரைவட்டமாக மண்வரப்பு எழுப்பி, உள்ளே ஊற்று நீரை இறைத்துவிட்டு, அடித்தளம் இட வேண்டும். நாற்பத்தைந்து நாளில் முடியும் என்று தாளில் வரைந்தேன். மணல், கல், சிமெண்டு, இரும்புக் கதவு, கொத்தனார், சித்தாள் அனைத்துக்கும் பட்டைக் கோடு உண்டு. மேலதிகாரி அத்தாளைக் கண்டு பாராட்டினார். அதனைச் சுவரில் ஒட்டி வைத்தேன்.

பணி பாதி நடந்திருந்தது. ஒரு நாள் மாலை எங்கள் தலைமைக் கொத்தனார் என்னிடம் வந்து நின்றார். அறுபதைக் கடந்தவர், சுவரில் ஒட்டிய தாளை அன்றுவரை ஏறிட்டும் பாராதவர். அன்று அதனை மேலும் கீழும் பார்த்தார். பின்னர், "ஐயா, நீங்க எழுதின தாள்ல அழகருக்கு எடம் வைக்கலியே" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது வயிற்றைப் பிசைந்தது. சித்திரை முழுநிலவு நாளில் அழகர் வைகையில் இறங்குகிறார். அதற்காக வைகை அணையிலிருந்து ஆற்றில் நீர் விடுகின்றனர். பரவையிற் பிறந்து, தந்தையின் தோளிலிருந்து அழகரைக் கண்டவன் நான். ஆயினும் தாளை விரித்தபோது அழகர் நினைவுக்கு வரவில்லை. ஏனெனில் பாடநூலில் அவர் இல்லை. நான் ஓடிச் சென்று கேட்டறிவதற்குள் நீர் திறந்தாயிற்று. இரண்டாம் நாள் இரவு மண்வரப்பு கரைந்தது. உள்ளே அடுக்கியிருந்த சிமெண்டு மூட்டைகள் கல்லாயின. இழப்பை ஏற்றவர், கடன் வாங்கி அவ்வேலையை எடுத்திருந்த சிறு மேஸ்திரி ஒருவர். திருவிழாவுக்குச் சென்ற சித்தாட்கள் திரும்புவதற்குப் பத்து நாள் ஆயிற்று. அதுவும் என் தாளில் இல்லாத பத்து நாள். ஆனியில் நாற்றங்காலுக்கு நீர் வேண்டிக் காத்திருந்த உழவர்களுக்கு அவ்வாண்டு அம்மதகு உதவவில்லை. அவர்களுள் ஒருவரும் என்னைக் கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஆண்டின் மழைக்காலத்தில்தான், அலுவலகத்து நூலகத்தின் ஒரு மூலையில், மக்கென்சி என்னும் இஞ்சினீயர் எழுதிய பெரியாற்றுத் திட்டத்தின் வரலாறு என் கையிற் கிடைத்தது. 1899-ஆம் ஆண்டு சென்னையில் அச்சிட்ட நூல். அத்திட்டத்தில் தாமே பணி செய்தவர் அவர். தோற்றவனுக்கு வேறொருவர் தோல்வியைப் படிப்பதில் ஓர் ஆசை உண்டு. அந்த ஆசையோடு படிக்கத் தொடங்கினேன்.

பெரியாற்றின் கதை நேயர்கள் பலருக்குத் தெரிந்ததே. மேற்கு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. அந்நீர் பெரியாறாகத் திரண்டு மேற்கே சென்று அரபிக் கடலிற் கலக்கிறது. மலைக்குக் கிழக்கே மதுரைச் சீமை மழை மறைவில் கிடக்கிறது. மலையின் மேல் ஓர் அணை கட்டி, மலையைக் குடைந்து ஒரு வழி செய்தால், மேற்கே போகும் நீர் கிழக்கே இறங்கிச் சுருளியாற்றின் வழியாக வைகையை அடையும். சொல்வதற்கு ஒரு வாக்கியம். இந்த ஒரு வாக்கியம் செயலாவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளை இதனை எண்ணிப் பார்த்தார். எண்ணியது தமிழர் ஒருவரே என்பதை நாம் மறவாமல் இருப்பது நலம். செலவு தாங்காது என்று அது கைவிடப்பட்டது. 1808-இல் கும்பினியின் இஞ்சினீயர் ஜேம்ஸ் கால்டுவெல் இடத்தை ஆராய்ந்து, இது வெறுங் கனவு, இனிக் கருதவும் தக்கதன்று என்ற கருத்தில் அறிக்கை எழுதினார். 1850-இல் வேலையைத் தொடங்கியும் பார்த்தனர். கூலியாட்கள் அக்காட்டின் நோய்க் கொடுமையைக் காட்டி உயர்ந்த கூலி கேட்டனர், வேலை நின்றது. 1867-இல் ரைவ்ஸ் என்பார் 62 அடி உயரத்தில் மண்ணணை ஒன்றை எழுப்பலாம் என்று திட்டம் தந்தார். அதுவும் தாளிலேயே நின்றது.

இந்த இடத்தில் நான் நூலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் சிந்தித்தேன். மண்ணணைக்கும் நான் எழுப்பிய மண்வரப்புக்கும் உறவு நெருக்கமானது. முடிந்த மண்ணணை நூறாண்டு நிற்கும்; நம் கண்மாய்க் கரைகள் அனைத்தும் மண்ணே. ஆனால் பாதி கட்டிய மண்ணணையின் மேல் வெள்ளம் ஏறினால் அது ஓர் இரவில் கரைந்து போகும். பெரியாற்றில் வெள்ளம் வராத ஆண்டு இல்லை. ஓர் ஆண்டுக்குள் அணையை முடிப்பதும் இயலாது. அப்படியாயின் பாதி கட்டிய அணை வெள்ளத்துக்கு அடியில் உயிரோடு இருக்க வேண்டும். கல்லும் காரையுமான அணையாக இருந்தால், வெள்ளம் மேலே ஏறினாலும் வழிந்து போகும். கெட்டிப்பட்ட பகுதி பெரிதும் நிற்கும். அவ்வாண்டு கட்டியதன் மேல் அடுத்த ஆண்டு கட்டலாம். அணையை எதனாற் கட்டுவது என்ற கேள்வி வலிமையைப் பற்றியது என்றே கல்லூரியில் கற்றிருந்தேன். அது காலத்தைப் பற்றியதும் ஆகும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

1876-ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்களைக் கொன்றது. பஞ்சத்துக்குப் பின்னரே அரசாங்கத்துக்குப் பெரியாறு மீண்டும் நினைவுக்கு வந்தது. 1882-இல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு மேஜர் ஜான் பென்னிகுயிக்கிடம் வந்தது. 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பூனாவிற் பிறந்தவர் அவர். இங்கிலாந்தில் கும்பினி நடத்திய அடிஸ்கோம்ப் படைக் கல்லூரியிற் பயின்று 1860-இல் இந்தியாவுக்கு வந்தார். கணிதம், நிலஅளவை, கோட்டை கட்டுதல் முதலியன அக்கல்லூரியில் உண்டு. திட்டமிடல் என்று ஒரு பாடம் அக்காலத்தில் எக்கல்லூரியிலும் இல்லை. அவருடைய திட்டம் 1884-இல் ஒப்புதல் பெற்றது. சுண்ணாம்பும், சுர்க்கி என்னும் செங்கற் பொடியும், மணலும், உடைத்த கல்லும் சேர்ந்த கற்காரையால் அணை. அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம். ஏறக்குறைய 1,200 அடி நீளம். மலையைக் குடையும் சுரங்கம் ஒரு மைலுக்குச் சற்று மிகுதி.

ஒப்புதல் கிடைத்தும் உடனே மண்வெட்டி எடுக்க இயலவில்லை. அணை நிற்க வேண்டிய நிலம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. பேச்சுகள் நெடுங்காலம் நடந்தன. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் குத்தகை ஆவணம் எழுதப்பட்டது. எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆண்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய், 999 ஆண்டுகள். அந்த ஆவணத்தைப் பற்றியும் அணையின் பாதுகாப்பைப் பற்றியும் பிற்காலத்தில் எழுந்த வழக்குகள் நாம் அறிந்தவை; 2014-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்ததும் அறிந்ததே. அவை வேறொரு பேச்சுக்கு உரியன. இங்கே மாணவர்க்கு நான் காட்ட விரும்புவது ஒரு சிறு கணக்கு. அணை கட்ட ஆன காலம் எட்டு ஆண்டு. எண்ணம் தோன்றியதற்கும் கையெழுத்து விழுந்ததற்கும் இடையே ஆன காலம் தொண்ணூற்றேழு ஆண்டு. நம் அட்டவணைகளில் முதற்கோடு எப்போதும் நிலத்தைத் தோண்டுவதிலிருந்தே தொடங்குகிறது.

1887-இல் வேலை தொடங்கியது. அக்காலத்தில் அருகிலிருந்த இரயில் நிலையம் அம்மையநாயக்கனூர். இன்று அதனைக் கொடைக்கானல் ரோடு என்கிறோம். அங்கிருந்து மலையடிவாரம் ஏறக்குறைய எண்பது மைல். இயந்திரங்களும் இரும்பும் உணவுப் பண்டங்களும் மாட்டு வண்டியில் வர வேண்டும். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, கம்பம், கூடலூர் என்று அவ்வண்டிகள் வந்த வழியை நான் ஒருமுறை பேருந்தில் அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். வண்டி மாட்டின் நடையில் அது பல நாள் வழி. பின்னர் மலையேற்றம். மலையின் மேல் யானைக் காடு. குடியில்லை, கடையில்லை, வைத்தியன் இல்லை. ஓர் ஆணி குறைந்தாலும் எண்பது மைலுக்கு அப்பால் ஆள் அனுப்ப வேண்டும். ஆதலின் அணைக்கு முன் பாதை. பாதைக்குப் பின் குடில். குடிலுக்குப் பின் கிடங்கு. சுண்ணாம்பையும் பிற பொருள்களையும் மலைமேல் ஏற்றக் கம்பிவடப் பாதை ஒன்று அமைத்தனர். அணைக்கு ஒரு கல்லும் வைக்காமல் இத்தனையும் செய்ய வேண்டியிருந்தது. செலவுக் கணக்கு ஏறும். கண்ணுக்கு அணை தெரியாது. மேலிடத்திலிருந்து 'எவ்வளவு முடிந்தது' என்று கேள்வி வரும் காலம் இதுவே. இத்தொழிலில் இருந்தோர்க்கு அந்த மாதங்களின் கசப்புத் தெரியும்.

அதனினும் பெரிய தடை காலண்டர். தென்மேற்குப் பருவமழை இறங்கினால் ஆறு பொங்கும். கோடை முற்றினால் மலைக்காய்ச்சல் பரவும், ஆட்கள் தங்கார். ஒருபுறம் வெள்ளம், மறுபுறம் காய்ச்சல். நடுவே கிடைக்கும் சில மாதங்களே ஆற்றுப் படுகையில் வேலை செய்ய உகந்தவை. அந்தச் சில மாதங்களில் ஆற்றை ஒதுக்க வேண்டும். வரப்புக் கட்டி நீரை இறைக்க வேண்டும். அடித்தளத்தைப் பாறைவரை கொண்டு செல்ல வேண்டும். கட்டிய தற்காலிக வரப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினர், மீண்டும் அடித்துச் சென்றது. கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்களும், சென்னைப் பயனீர் படையின் முதலாம், நான்காம் பட்டாளங்களும் அங்கே உழைத்தனர். கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் உழைப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இதனைப் படித்தபோது, வரப்புக் கரைந்ததற்காக நான் நாணியது சற்றுத் தணிந்தது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. என் வரப்பை அடித்துச் சென்ற நீர் என் தாளில் இல்லாத நீர். பென்னிகுயிக்கின் வரப்பை அடித்துச் சென்ற வெள்ளம் அவர் எதிர்பார்த்த வெள்ளம். எந்த ஆண்டு, எந்த நாள் என்பது மட்டுமே அவர் அறியாதது. வரப்புப் போனாலும் அணை போகாதபடி அணையின் பொருளைத் தேர்ந்திருந்தார். அணையின் வேலை நின்ற காலத்திலும் வேறு வேலைகள் நிற்க வேண்டியதில்லை. மலையைக் குடைவோர் அணை எழுவதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. கீழே சமவெளியில் பேரணையில் மதகும், அங்கிருந்து மேலூர் நோக்கிச் செல்லும் பெரிய கால்வாயும் மலைமேல் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியன அல்ல. மூன்றும் அருகருகே நடந்து, நீர் தேங்கும் நாளில் ஒன்று கூடினாற் போதும். வட்டமும் அம்பும் வரையும் முறை பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இது.

1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு பெரியாற்று நீரைக் கிழக்கே திறந்துவிட்டார்.

இனி, பென்னிகுயிக் தம் சொத்தை விற்றும், மனைவியின் நகைகளை விற்றும் அணையைக் கட்டி முடித்தார் என்னும் கதைக்கு வருகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் இக்கதையை நம்பாதவர் குறைவு. தைப் பொங்கலன்று அவர் பிறந்த நாளையும் சேர்த்துப் பொங்கல் வைக்கும் ஊர்கள் அங்கே உண்டு. லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர். நன்றி மறவாத மக்களின் அன்பை நான் வணங்குகிறேன். ஆனால் மக்கென்சியின் வரலாற்றில் அத்திட்டம் அரசாங்கத்தின் பணத்தால், அரசாங்கத்தின் கணக்கில் நடந்த திட்டமாகவே நிற்கிறது. வரிப்பணத்தால் எழுந்த அணை அது. அந்த வரியில் நம் பாட்டன்மார் செலுத்தியதும் அடங்கும்.

கதையை மறுப்பதால் அவர் பெருமை குறையுமோ என்று என் மாணவர் ஒருவர் கேட்டதுண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நகையை விற்பது ஒரு நாளைய துணிவு. எட்டு ஆண்டுகள், ஒவ்வொரு கோடையிலும் முகாமைக் கலைத்து, வெள்ளம் வடிந்ததும் மீண்டும் கூட்டி, அடித்துச் செல்லப்பட்டதை மீண்டும் மதிப்பிட்டு எழுதி, மேலிடத்துக்கு விடை சொல்லி, எண்பது மைல் வண்டிப் பாதையை ஓயாது ஓட்டிக்கொண்டிருந்தது வேறு வகைத் துணிவு. அது கதையாவதில்லை, ஏனெனில் அதில் அழுவதற்கு ஓர் இடமும் இல்லை. நகைக் கதையைக் கேட்டு வளரும் பிள்ளைகள், பெரிய காரியங்கள் ஒரு தனி மனிதரின் தியாகத்தால் நடப்பன என்று எண்ணிக்கொள்கின்றனர். பின்னர் அவர்களே இஞ்சினீயர்களாகி, கணக்கைச் சரியாக எழுதாமல், இறுதி மாதத்தில் இரவு பகலாக உழைத்து ஈடு கட்டலாம் என்று நம்புகின்றனர். அந்நம்பிக்கையால் கெட்டுப் போன வேலைகளை நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

அழுவதற்கு இடம் இல்லை என்றேன். அது முழுவதும் மெய்யன்று. அணைக்கு வடக்கே ஓர் இடுகாடு உண்டு. கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்து அங்கே புதைக்கப்பட்டோர் 483 பேர் என்று கணக்கு. வெள்ளத்துக்கு அட்டவணையில் இடம் இருந்தது. காய்ச்சலுக்கும் இடம் இருந்தது. வேலை நாட்களைக் குறைக்கும் ஒரு காரணமாக இருந்தது. 1850-இல் கூலியாட்கள் காட்டின் நோயைக் காட்டிக் கூலி உயர்த்திக் கேட்டபோது அதனை அவர்களின் பிடிவாதமாகவே கருதினர். அவர்கள் சொன்னது பிழையன்று என்பதை அந்த இடுகாடு காட்டுகிறது. கொசுவால் மலேரியா பரவுகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இல்தான் கண்டறிந்தார். அணை திறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர். அதனை அறியாத காலத்தவரைப் பழிப்பது முறையன்று. ஆயினும் என் பாடத்தின் ஆசிரியர்கள் செலவு, காலம், தரம் என்று மூன்றைச் சொல்லி நிறுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த எண் நினைவுக்கு வரும்.

அணை முடிந்த பின் பென்னிகுயிக் என்ன செய்தார் என்பது பலர் அறியாதது. 1896-இல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்திலிருந்த இந்திய இஞ்சினீயரிங் கல்லூரிக்குத் தலைவரானார். இந்திய மராமத்து இலாகாவுக்கு ஆட்களைப் பயிற்றுவதற்கென்றே ஏற்பட்ட கல்லூரி அது. பெரியாற்றில் கற்றவர் மூன்று ஆண்டுகள் அங்கே கற்பிக்கும் இடத்தில் இருந்தார். 1897-இல் இலண்டன் சிவில் இஞ்சினீயர்கள் சங்கத்தில் பெரியாற்றைத் திருப்பியது பற்றிக் கட்டுரை படித்தார். 1906-இல் அக்கல்லூரி மூடப்பட்டது. 1911-இல் அவரும் மறைந்தார். அதற்குள் இந்தியாவில் கிண்டி, ரூர்க்கி முதலிய கல்லூரிகள் வேரூன்றிவிட்டன. கிண்டிக் கல்லூரியின் தொடக்கமாகிய நிலஅளவைப் பள்ளி 1794-ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஏற்பட்டது. முத்திருளப்ப பிள்ளை பெரியாற்றை எண்ணிய ஐந்தாம் ஆண்டில்.

திட்டம் 1895-இல் முடிந்தது என்று சொல்வதும் பொருந்தாது. மலையிலிருந்து இறங்கிய நீரை நடுவழியில் தேக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை எழுந்து, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1959-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் திறக்கப்பட்டது. பெரியாற்றுப் பெரிய கால்வாயில் இருபோகம் விளையும் ஆயக்கட்டு 45,041 ஏக்கர். அதில் மதுரை வடக்கு வட்டத்துக்கு உரியது மட்டும் 26,792 ஏக்கர். வாடிப்பட்டி வட்டத்துக்கு 16,452. எஞ்சிய 1,797 திண்டுக்கல் பக்கம். மலைமேல் மழை போதுமானால் ஜூன் மாதத் தொடக்கத்தில் நீர் திறப்பர். இன்றும் பரவையில் காய்கறி மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டி வரும் உழவர்கள், தேநீர்க் கடையில் முதலில் கேட்பது அணையில் எத்தனை அடி என்பதையே. அந்த அடிக்கணக்கு அவர்களுடைய அட்டவணையின் முதற்கோடு.

நான் கல்லூரியில் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில், மாணவர்க்கு ஆண்டுதோறும் ஒரே கணக்கைக் கொடுப்பேன். பெரியாற்று வேலையைப் பட்டைக் கோடுகளாக வரைந்து வாருங்கள் என்பேன். பாதை, குடில், சுரங்கம், வரப்பு, அடித்தளம், அணை, கால்வாய். வெள்ள மாதங்களை நீல நிறத்திலும் காய்ச்சல் மாதங்களைச் சிவப்பிலும் தீட்டச் சொல்வேன். பெரும்பாலோர் அழகாக வரைந்து வருவர். நானும் அன்று என் மேலதிகாரி என்னைப் பாராட்டியது போலப் பாராட்டுவேன்.

ஓர் ஆண்டு, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, தாளை என் மேசையில் வைத்துவிட்டுத் தன் இருக்கைக்குச் செல்லாமல் நின்றாள். அவள் பெற்றோர் செங்கற் சூளையில் வேலை செய்வோர் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. சிவப்பு நிறம் தீட்டிய மாதங்களைக் காட்டி, "ஐயா, இந்த மாதங்களில் வேலை இல்லை என்று வரைந்திருக்கிறேன். வேலை இல்லாத மாதங்களில் அவர்களுக்குக் கூலி உண்டா? இல்லையென்றால், வெள்ளம் வடிந்ததும் அத்தனை பேரும் திரும்பி வருவார்கள் என்று எப்படிக் கோடு போடுவது?" என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியாயிற்று. எனக்கு 1850-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. திருவிழாவுக்குச் சென்று பத்து நாள் கழித்துத் திரும்பிய என் சித்தாட்களும் நினைவுக்கு வந்தனர். சாக்குக் கட்டியை எடுத்து, பலகையிலிருந்த அட்டவணையின் அடியில் இன்னொரு கோட்டுக்கு இடம் ஒதுக்கினேன். அதற்கு என்ன பெயர் எழுதுவது என்று மாணவர்களையே கேட்டேன். மணி அடித்த பின்னும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.